ஒரு மணி அடித்தால் நில்

கஸ்பாருக்கு உற்சாகம் வந்துவிட்டால் சட்டை மறந்துவிடும். செலினைக் கல்யாணத்துக்குப் பேசி முடித்தாயிற்று என்று மணப்பாட்டிலிருந்து தந்தி வந்த அன்று, அவர் வெறும் பனியனோடு போர்ட் பிளேரின் சாத்தம் பாலத்தில் ஓடியதை அந்தப் பக்கத்து ஆட்கள் ரொம்ப காலம் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் பொத்தானைத் தேடிக்கொண்டு நிற்கிறவன் என்ன மனிதன்!

பிறந்தது மணப்பாடு. அப்பன், சித்தப்பன், மாமன் எல்லாரும் வலையும் வள்ளமுமாக இருக்க, இவர் மட்டும் தூத்துக்குடியில் ஒரு மில் எஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு அங்கேயே நின்றுவிட்டார். எண்ணெய் போடும் ஆளாகச் சேர்ந்து, எஞ்சின் ஓட்டப் பழகி, ஐம்பதுகளின் நடுவில் கப்பலேறி அந்தமானுக்கு வந்தார். முதலில் காட்டுக்குள் மரம் இழுக்கிற வேலை. ராஞ்சியிலிருந்து வந்த கூலிக்காரர்களோடும் யானைகளோடும் அட்டைகளோடும் சில மழைக்காலங்கள் கழிந்தன. ரத்தத்தில் பாதியை அட்டைக்குக் கொடுத்துவிட்டு மீதியோடு போர்ட் பிளேருக்கு வந்து, சாத்தத்துக்கும் பாம்பூபிளாட்டுக்கும் நடுவே ஆளேற்றி ஓடிய லாஞ்சு என்கிற மோட்டார் படகில் எஞ்சின் டிரைவர் ஆனார்.

அந்த லாஞ்சில் மேலே கண்ணாடி வைத்த சின்ன அறையில் சுக்கான் பிடித்து நிற்பவர் சராங்கு. கீழே குழிக்குள் எஞ்சினோடு இருப்பவர் டிரைவர். ஒருவர் கத்துவது மற்றவருக்குக் கேட்காது. அதனால் மேலேயிருந்து ஒரு கம்பி இறங்கி, டிரைவரின் தலைக்கு மேல் ஒரு பித்தளை மணியில் முடியும். எஞ்சின் நிற்கும்போது ஒரு மணி அடித்தால், முன்னே போ. ஓடும்போது ஒரு மணி அடித்தால், நிறுத்து. இரண்டு அடித்தால், பின்னே போ. இந்த வழக்கம் படகோடு வந்தது. யார் வைத்தது, ஏன் வைத்தது என்று எவரும் கேட்டதில்லை. மணி சொன்னதைச் செய்வதுதான் டிரைவருக்கு அழகு.

மணி அடிக்கிறவர் காயல்பட்டினத்து ஜெய்னுதீன். கஸ்பாருக்கு மூத்தவர். காயல் வழக்கப்படி அண்ணன் முறைக்குக் ‘காக்கா’ என்றுதான் கஸ்பார் அவரைக் கூப்பிடுவார். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய் படாமல் வேலை பார்க்கிற மனிதர். காலையில் படகுத்துறை ஜெட்டியில் இருவரும் சேர்ந்து ஒரு டீ குடிப்பார்கள். பிறகு ஒருவர் மேலே, ஒருவர் கீழே. சாயங்காலம் வரைக்கும் அவர்களுக்குள் பேச்சு என்றால் அந்த மணிதான். பல வருஷம் அப்படித்தான் ஓடியது, ஒரு உரசல் இல்லாமல்.

அறுபத்து நாலில், மழை விட்டு வெயில் காய்ந்த ஒரு பகலில், எல்லாம் தலைகீழாகிவிட்டது.

லாஞ்சு பாம்பூபிளாட்டிலிருந்து நெருக்கியடித்த கூட்டத்தோடு சாத்தம் ஜெட்டிக்கு வந்துகொண்டிருந்தது. காய்கறிக் கூடைகளோடு பெங்காலிப் பெண்கள், ஒரு கல்யாணக் கோஷ்டி, ஒரு ஆடு. ஏற்றம் பிடித்த கடல்நீர் படகைப் பின்னாலிருந்து தள்ளியது. ஜெட்டி நெருங்கவும் ஜெய்னுதீன் கம்பியை ஒரு தடவை இழுத்தார். சரியாக அந்த நேரம் பார்த்து, ஜெட்டியை ஒட்டிய மரம் அறுக்கும் மில்லில் பகல் சங்கு ஊதியது. சாத்தம் சங்கு ஊதினால் பக்கத்தில் நிற்பவன் தும்மினாலும் தெரியாது. எஞ்சின் சத்தம் அடங்குகிறதா என்று ஜெய்னுதீன் காதைத் தீட்டிப் பார்த்தார். சங்கைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. படகோ நீரின் வேகத்தில் விரைந்துகொண்டே இருந்தது. ‘இவனுக்கு மணி கேக்கலை’ என்று முடிவு கட்டி, இன்னொரு தடவை இழுத்தார்.

அவ்வளவுதான். எஞ்சின் உறுமியது. லாஞ்சு பாய்ந்து போய் ஜெட்டியில் முட்டியது. ஒரு மரத்தூண் முறிந்து சாய்ந்தது. நின்றவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் படுத்தார்கள். ஆடு தண்ணீரில் குதித்து எல்லாருக்கும் முன்னால் கரையேறியது. “ஓ மா! மேரா பேகுன்!” என்று ஒரு பெங்காலி அம்மாள் தலையில் அடித்துக்கொள்ள, அவளுடைய கத்தரிக்காய்கள் வரிசையாக மிதந்து போயின. மாதா புண்ணியத்தில் சிராய்ப்புக்கு மேல் யாருக்கும் ஒன்றுமில்லை.

குழியிலிருந்து கஸ்பார் ஏறி வருவதற்குள் ஜெய்னுதீன் ஜெட்டியில் நின்று கத்தத் தொடங்கிவிட்டார்.

“நிப்பாட்டச் சொல்லி ரெண்டு தடவை அடிச்சேன்! ரெண்டு தடவை! நீ என்னப்பா செஞ்சே? தூங்குனியா?”

“மொத மணிக்கே நிப்பாட்டிட்டேன் காக்கா. பொறவு போகச் சொல்லி அடிச்சீக. போனேன்.”

“நான் போகச் சொன்னேனா? ஜெட்டிய மூக்குக்கு நேரா வச்சிக்கிட்டு எவனாவது போகச் சொல்லுவானா? பொய் சொல்லாதே!”

பொய் என்கிற வார்த்தை ஊர் முன்னால் விழுந்துவிட்டது. கஸ்பார் முகம் செத்துப்போய், வீட்டுக்கு நடந்தார். இரண்டு பேரும் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அது இரண்டு பேருக்கும் தெரியாது.

படகு இன்ஸ்பெக்டர் கிருஷ்ணமூர்த்தி வந்து முறிந்த தூணைப் பார்த்தார். கெட்டவர் அல்ல, கறாரானவர். “லாஞ்சு நிக்கட்டும். திங்கக்கிழமை ரெண்டு பேரையும் விசாரிப்பேன். தப்பு யார் மேலயோ, அவர் படகை விட்டு இறங்க வேண்டியதுதான்” என்றார். ஊர் அன்றைக்கே இரண்டாகப் பிரிந்துகொண்டது. டீக்கடையில் டிரைவர் கட்சி, பஜாரில் சராங்கு கட்சி. “புட்டா ஹோ கயா, வயசாயிருச்சு, சராங்குக்குக் கண்ணு போச்சு” என்றார்கள் இங்கே. “டிரைவர் நஷேமே தா, நல்ல போதை” என்றார்கள் அங்கே. கள்ளை முகர்ந்தே பார்க்காத கஸ்பாருக்கு இது வேறு.

வெறும் அவமானமாக இருந்தால் விழுங்கிவிடலாம். கஸ்பாரை அரித்தது வேறு. நடந்ததை நடந்தபடி சொன்னால், மணியைத் தப்பாக அடித்தவர் ஜெய்னுதீன் என்று ஆகும். வயசைக் காட்டி இறக்கிவிடுவார்கள். சுக்கானை விட்டால் அந்த மனிதருக்கு வேறு பிழைப்புத் தெரியாது. அவர் மகளுக்கு நிக்காஹ் பேசியிருந்த நேரம். மணி கேட்கவில்லை என்று பொய் சொன்னால், இவர் வேலை போய் மேன்லாண்டுக்குக் கப்பலேறி ஊர் திரும்ப வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வீட்டில் அடுப்பு அணையும்.

ஞாயிற்றுக்கிழமை அந்தி. செலின் விளக்கேற்றி ஜெபமாலை தொடங்கினாள். வழக்கம் என்னவென்றால், ஒவ்வொரு மணிக்கும் முன்பாதியை அவள் சொல்வாள், பின்பாதியைக் கஸ்பார் சொல்வார். அன்றைக்கு அவர் மனசு ஜெட்டியில் இருந்தது. அவள் முன்பாதியைச் சொன்னாள். இவர் பின்பாதியை வாய்க்குள் முணுமுணுத்தார். அவள் நிறுத்தினாள். காத்திருந்தாள். பிறகு அதே முன்பாதியை மறுபடியும், உரக்கச் சொன்னாள்.

“நான்தான் சொல்லிட்டேம்லா! எதுக்குத் திரும்பச் சொல்லுதே?” என்று எரிந்து விழுந்தார் கஸ்பார்.

“நீங்க சொன்னது எனக்கு எப்படிங்க தெரியும்? வாயத் தொறந்து சொன்னாத்தான தெரியும்!”

கஸ்பார் அவளையே பார்த்தார். கையிலிருந்த ஜெபமாலை நழுவியது.

“செலினு… இப்ப என்ன சொன்ன?”

“வாயத் தொறந்து சொல்லச் சொன்னேன்.”

“காக்காவுக்கும் தெரியாதுல்லா! நான் நிப்பாட்டுனது அவருக்கு எப்படித் தெரியும்? நான் பதிலே சொல்லலியே! அதான் அவரு திரும்ப அடிச்சிருக்காரு! அய்யோ, நிப்பாட்டத்தான் அடிச்சிருக்காரு! நான் ஏற்கெனவே நிப்பாட்டிட்டேன், அதனால எனக்கு அது போகச் சொல்லுத மணி! ரெண்டு பேரும் சரி, செலினு! ரெண்டு பேரும் சரி!”

“ஏங்க, ஜெபமாலைய முடிச்சிட்டு…”

“மாதா மன்னிப்பா!” என்று கத்திக்கொண்டே ஓடினார். “சட்டை! சட்டை!” என்று செலின் பின்னால் கத்தியது எவர் காதில் விழுந்தது?

மேட்டுத் தெருவில் ஜெய்னுதீனின் வீடு. கதவைத் திறந்த அவர் மனைவி மெஹருன்னிசா, கஸ்பாருக்கு அக்கா முறை ‘லாத்தா’, பனியனோடு மூச்சிரைத்து நின்றவரைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

“லாத்தா, ஒரு தட்டும் கரண்டியும் குடுங்க! சீக்கிரம்!”

“பசிக்குதா தம்பி?”

“பசி கெடக்கு, காக்காவக் கூப்பிடுங்க!”

ஜெய்னுதீன் வந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். கஸ்பார் விடவில்லை. தட்டையும் கரண்டியையும் அவர் கையில் திணித்தார். “காக்கா, நீங்க இங்கயே நில்லுங்க. இதான் மேல் ரூம்பு. நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால. அதான் குழி. லாஞ்சு ஓடுது. ஜெட்டி வருது. நிப்பாட்ட அடிங்க. லாத்தா, உரல்ல இடிங்க. நல்லாச் சத்தமா! நீங்கதான் மில் சங்கு!”

பைத்தியத்தோடு வாதாட முடியாதே என்று ஜெய்னுதீன் தட்டினார், ஒரு தடவை. மெஹருன்னிசா வெற்று உரலில் உலக்கையைப் போட்டு இடித்தாள். ஜெய்னுதீன் காத்திருந்தார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

“கேட்டுச்சாப்பா இல்லியா?” என்று கத்தினார். பதில் இல்லை. எரிச்சலோடு இன்னொரு தட்டு தட்டினார். கதவு படீரென்று திறந்தது. கஸ்பார் எஞ்சினைப் போல உறுமிக்கொண்டு பாய்ந்து வந்து அவர் நெஞ்சில் முட்டி நின்றார்.

 ஜெய்னுதீன் தன் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார், கஸ்பாரைப் பார்த்தார்.

“யா அல்லாஹ்! நான் நிப்பாட்டுன்னு அடிச்சேன். உனக்குப் போன்னு கேட்டிச்சு!”

“அதான் காக்கா! அதேதான்! நான் நிப்பாட்டிட்டேன்னு ஒங்களுக்குத் திருப்பிச் சொல்ல வழியே இல்ல!”

“சலாம் சொன்னா பதில் சலாம் சொல்றது கடமைடா. இத்தனை நாளும் நான் சலாம் சொல்லிக்கிட்டே இருந்திருக்கேன். நீ பதில் சொல்ல அங்க மணியே கிடையாது!” என்று ஜெய்னுதீன் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு அடங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். உலக்கையோடு நின்ற மெஹருன்னிசாவுக்கு ஒன்றும் முழுசாக விளங்கவில்லை. ஆனாலும் அவளும் சிரித்தாள்.

திங்கட்கிழமை இருவரும் ஒன்றாகப் போய் நின்றதைப் பார்த்து கிருஷ்ணமூர்த்தி கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். ஒருவரையொருவர் கடிப்பார்கள் என்று காத்திருந்தவர் முன்னால் தட்டும் கரண்டியும் வந்தன. ஆபீசிலேயே ஒரு தடவை லாஞ்சு ஓடியது; பியூன்தான் மில் சங்கு. பார்த்து முடித்ததும் இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டினார். அவருக்கும் அந்த உற்சாகம் தொற்றிக்கொண்டது.

“கீழேயிருந்து மேலே ஒரு மணி போடலாம். எத்தனை அடிக்கிறாரோ அத்தனையும் நீர் திருப்பி அடிக்கணும். ஆனா அது மட்டும் போதாதுய்யா. ஒரே மணிக்கு ரெண்டு அர்த்தம் இருக்கே, அதுதான் விஷம்” என்றார். எழுந்து நடந்தார். சட்டென்று திரும்பினார். “ஒண்ணுன்னா எப்பவும் நில். ரெண்டு முன்னே. மூணு பின்னே. மூணு ரெண்டாக் கேட்டா பதில் மணி காட்டிக்கொடுத்துரும். ரெண்டு குறைஞ்சு போனா எதுல போய் முடியும்? ஒண்ணுல. ஒண்ணுன்னா நில். தப்பு நடந்தாலும் படகு நிக்கத்தானே செய்யும்!”

கஸ்பாருக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. இன்ஸ்பெக்டரின் இஸ்திரிச் சட்டை தடுத்தது.

“ஆனா சொல்லிட்டேன்” என்றார் கிருஷ்ணமூர்த்தி. “புதன்கிழமை, அதே பகல் சங்கு நேரத்துல, நான் ஏறி நிப்பேன். மறுபடி முட்டிச்சோ, ரெண்டு பேரும் இறங்க வேண்டியதுதான்.”

மேல் அறையில் புது மணி ஏறியது. கீழே அதற்கான கயிற்றை இடது பக்கம் தொங்கவிடலாம், முன்னே, நில், பின்னே என்று மாற்றுகிற லீவரை விடாமலே இழுக்கலாம் என்று தச்சர் சொன்னார். கஸ்பார் மறுத்துவிட்டார். இடது கை எஞ்சின் வேகத்தைப் பிடித்திருக்கும். லீவர் வலது கைக்கு. கயிறும் வலது கைக்கே வேண்டும் என்றார். லீவரை விட்டால்தான் பதில் சொல்ல முடியும், பதில் சொன்ன பிறகுதான் லீவரைத் தொட வேண்டும் என்பது அவர் கணக்கு. தச்சருக்கு இது கிறுக்குத்தனமாகப் பட்டது. தலையைச் சொறிந்துகொண்டே மாட்டிவிட்டுப் போனார்.

புதன்கிழமை ஜெட்டியில் திருவிழாக் கூட்டம். இரண்டு கட்சியும் வந்திருந்தது. கத்தரிக்காய் அம்மாளும் வந்திருந்தாள், கூடை கொண்டுவரவில்லை. பாம்பூபிளாட்டிலிருந்து கிளம்பும்போது இரண்டு மணி. கஸ்பார் இரண்டு திருப்பி அடித்தார். லீவரை முன்னால் தள்ளினார்.  வழியெல்லாம் ‘ஒண்ணு நில், ஒண்ணு நில்’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மணி அடித்தது. ஒன்று. கயிறு, ஒன்று. லீவர் நடுவுக்கு. கயிற்றை இழுத்த கணத்திலேயே மில் சங்கு ஊதத் தொடங்கியிருந்தது. கஸ்பார் மணியை நிமிர்ந்து பார்த்தார். தன் பதில் மேலே கேட்டிருக்குமா? சங்கு அதை விழுங்கியிருக்குமா?

விழுங்கித்தான் விட்டது. தலைக்கு மேல் மறுபடி மணி அடித்தது. ஒன்று.

அவர் கை போய்விட்டது. அவரைக் கேட்காமலே போய்விட்டது. எத்தனையோ வருஷமாக நிற்கும்போது அடித்த ஒற்றை மணிக்கு முன்னால் போய்ப் பழகிய கை, லீவரை இறுகப் பிடித்துத் தள்ளத் தொடங்கிவிட்டது. ‘பதில், பதில் சொல்லணும்’ என்று எங்கிருந்தோ ஒரு நினைப்பு. பதில் சொல்ல லீவரை விட்டாக வேண்டும். விட்டார். கயிற்றைப் பிடித்து இழுக்கவும் சங்கு ஓயத் தொடங்கியது. “ஒண்ணு!” என்று கத்தினார். அந்த வார்த்தை வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவருக்குப் புத்தி வந்தது. ஒன்று என்றால் நில். லீவரைப் பார்த்தார். நடுவிலிருந்து நகர ஆரம்பித்திருந்தது. இரண்டு கையாலும் அதைத் திரும்ப நடுவுக்கு இழுத்து அமுக்கிக்கொண்டார்.

சங்கு அடங்கியது. மூன்று மணி. மூன்று பதில். லாஞ்சு பின்னுக்கு இழுத்து, வேகம் செத்து, ஜெட்டியில் கட்டியிருந்த பழைய டயர்களில் மெதுவாகச் சாய்ந்தது. மேலே கூட்டம் போட்ட கூச்சலில் குழியே அதிர்ந்தது.

“நாளையிலிருந்து ஓட்டுங்கய்யா, ரெண்டு பேரும்!” என்று கிருஷ்ணமூர்த்தி ஜெட்டியில் இறங்கி நின்று சத்தம் போட்டது ஊருக்கே கேட்டது.

கஸ்பார் அதற்குப் பிறகும் பல வருஷம் அந்த எஞ்சினை ஓட்டினார். எழுபதுகளில் ஓய்வு பெற்று, கராச்சர்மாவில் வீடு கட்டி, பேரப்பிள்ளைகளின் பொம்மை மோட்டாரையெல்லாம் கழற்றிப் போட்டுத் திட்டு வாங்கினார். ஆனால் அவரைப் பற்றிச் சொன்னால் அந்தப் பகலோடுதான் முடிக்க வேண்டும்.

கூட்டம் இறங்கிப் போன பின்பும் அவர் மேலே வரவில்லை. லீவரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். ஏணியில் காலடிச் சத்தம். நிமிர்ந்தால், வெள்ளைச் சட்டையோடு ஜெய்னுதீன் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அங்கே இறங்கியதே இல்லை.

“ரெண்டாவது பதில் லேட்டா வந்திச்சேப்பா. என்னாச்சு?”

“கை முன்னால போயிட்டு காக்கா. நூலிழைல தப்பிச்சோம். வெளிய சொல்லிராதீக.”

ஜெய்னுதீன் சுற்றிலும் பார்த்தார். நாலு பக்கமும் இரும்பு. எண்ணெய்ப் புகை. மங்கலாக ஒரு பல்பு.

“ஜன்னல் எங்கப்பா?”

“ஜன்னலா? இங்க ஏது காக்கா ஜன்னலு?”

“அப்ப ஜெட்டி வருது, வள்ளம் குறுக்க வருதுன்னு நீ எதைப் பாத்துத்தான் ஓட்டுனே, இத்தனை வருஷமும்?”

“பாக்கவா? பாக்க என்ன இருக்கு?” கஸ்பாருக்குக் கேள்வியே விளங்கவில்லை. “நீங்க அடிப்பீக, நான் ஓட்டுவேன்.”

ஜெய்னுதீன் அப்படியே எண்ணெய் வழிந்த படியில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டை கறுத்தது. அவர் கவனிக்கவில்லை. கஸ்பாரின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

“உன்னையா நான் ஊரு முன்னால பொய்யன்னு சொன்னேன்” என்றார். அழுதுவிட்டார்.